‘சார், ஒரு நிமிஷம்!’ - உண்மையைக் கேட்க மேலிடம் தயாரா?

*விமானிகள் அறையிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் ராக்கெட் ஏவுதளத்திலும் நடந்த பல விபத்துகளில் ஆபத்து தெரிந்த ஒருவர் அங்கேயே இருந்திருக்கிறார். அவர் சொல்வதைக் காதில் வாங்கும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது. நம் அலுவலகங்களும் ஆலைகளும் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை என்ன?*

2010 மே 22, சனிக்கிழமை. காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்கள். துபாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 160 பயணிகள், 6 ஊழியர்கள். பயணிகளில் பலர் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள்.

குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுபாதை அது. முடியும் இடத்தில் பள்ளம். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே, இருக்க வேண்டிய வேகத்தைவிட விரைவாக வந்துகொண்டிருந்தது. துணை விமானிக்கு அது புரிந்துவிட்டது. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு, மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவதற்கு விமானிகள் சொல்லும் சொல் ‘கோ அரவுண்ட்’. அதை அவர் மூன்று முறை சொன்னார். கேப்டன் நிறுத்தவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் மறுமுனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்.

விசாரணை அறிக்கை பல காரணங்களைச் சொன்னது. கேப்டன் பயணத்தின்போது நீண்ட நேரம் தூங்கியிருந்தார் என்பது காக்பிட் குரல் பதிவிலிருந்து தெரியவந்தது. அந்த அறிக்கையில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. இறங்கும் முயற்சியைத் துணை விமானியே கைவிடலாமா, கூடாதா என்பது பற்றிய விதிமுறைகள் தெளிவாக இல்லை. அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று அது குறிப்பிட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இன்னொரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையும் கேப்டனுக்கும் துணை விமானிக்கும் நடுவே இருந்த அதிகார இடைவெளியைச் சுட்டிக்காட்டியது.

பணியிடத்தில் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று சொல்லாத நிர்வாகமே இன்று இல்லை. வரவேற்பறைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். ஆண்டு விழாவில் பேசுகிறார்கள். ‘என் கதவு எப்போதும் திறந்திருக்கும்’ என்று மேனேஜர்கள் உறுதி கொடுக்கிறார்கள். பிறகு, ‘நம்ம ஆட்களுக்குத் துணிச்சல் போதாது, யாரும் வாயைத் திறப்பதில்லை’ என்று அவர்களே வருத்தப்படுகிறார்கள். மங்களூரு நமக்குச் சொல்வது வேறு. அங்கே கீழே இருந்தவர் வாயைத் திறந்தார். மூன்று முறை திறந்தார். சொல்லும் துணிச்சலைப் பற்றி நாம் பேசிய அளவுக்குக் கேட்கும் கடமையைப் பற்றிப் பேசியதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இரண்டாம் முறை சொல்வது கடினம்

விமானத்துறை இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்கத் தொடங்கியது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோன விபத்து இன்றுவரை அதுதான்.

மோதிய விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் டச்சு நிறுவனமான கே.எல்.எம்-மின் மூத்த கேப்டன். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், நிறுவனத்தின் விளம்பரங்களில் இடம்பெற்றவர். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வருவதற்கு முன்பே அவர் விமானத்தைக் கிளப்பப் பார்த்தார். ‘இன்னும் அனுமதி வரவில்லை’ என்று துணை விமானி தடுத்தார். கேப்டனும் நிறுத்தினார். சில நொடிகளில் அவர் மறுபடி வேகமெடுத்தபோது துணை விமானி தடுக்கவில்லை. ஒருமுறை திருத்திய மூத்தவரை அடுத்த நிமிடமே மறுபடி திருத்துவது எவ்வளவு கடினம் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயர் மட்டும், ‘எதிரே இருக்கும் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ’ என்று கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஒரு யுனைடெட் விமானம் சக்கரக் கோளாறைச் சரிபார்ப்பதற்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது உடன் இருந்தவர்களுக்குத் தெரியும். குறிப்பாகவும் சொன்னார்கள். கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தில். எரிபொருள் தீர்ந்து விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு முக்கியமான பரிந்துரையைச் செய்தது. துணை விமானிகளும் மற்ற ஊழியர்களும் அழுத்தமாகப் பேசப் பயிற்சி பெற வேண்டும். கேப்டன்கள் மற்றவர்களைக் கலந்துகொண்டு முடிவெடுக்கப் பயிற்சி பெற வேண்டும். சொல்பவருக்கும் பாடம், கேட்பவருக்கும் பாடம். 1979-ல் நாசா இதற்கென ஒரு பயிலரங்கை நடத்தியது. யுனைடெட் நிறுவனம் 1981-ல் பயிற்சியைத் தொடங்கியது. ‘க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்’ என்ற பெயரில் உலகம் முழுக்க விமானிகள் இன்று கட்டாயமாகப் பெறும் பயிற்சி அப்படித்தான் பிறந்தது.

அதன் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. யுனைடெட் நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் வால்பகுதி இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புகள் மொத்தமும் செயலிழந்தன. அப்படியொரு நிலைமைக்குக் கையேட்டில் வழியே இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உடன் இருந்தவர்களிடம் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியை உள்ளே அழைத்து, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்பும் பொறுப்பை ஒப்படைத்தார். சூ சிட்டியில் விழுந்து உடைந்த அந்த விமானத்திலிருந்து 296 பேரில் 184 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு ஓட்டியிருந்தால் அது நடந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்

வாயை அடைக்க மிரட்ட வேண்டும் என்ற அவசியம் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே போதும். 1986 ஜனவரி 27 இரவு நடந்தது அதுதான்.

மறுநாள் காலை நாசாவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். ஃபுளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்டன் தயக்கால் நிறுவனத்தின் இன்ஜினீயர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ராக்கெட் பாகங்களின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்றார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் போய்ஸ்ஜொலி, முந்தைய ஆண்டு ஜூலையிலேயே இந்த ஆபத்தை எழுத்தில் எச்சரித்தவர்.

வழக்கமாக இன்ஜினீயர்களிடம் கேட்கப்படும் கேள்வி, ‘இது பாதுகாப்பானது என்று நிரூபிக்க முடியுமா?’ என்பது. அன்றிரவு கேள்வி தலைகீழானது. ‘இது பாதுகாப்பற்றது என்று நிரூபிக்க முடியுமா?’ என்று ஆகிவிட்டது. முழுமையான ஆதாரம் இன்ஜினீயர்களிடம் இல்லை; கவலைதான் இருந்தது. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகக் கூடினார்கள். தயங்கிய பொறியியல் துறைத் தலைவரிடம், இன்ஜினீயராக யோசிப்பதை விட்டுவிட்டு மேலாளராக யோசிக்கும்படி சொல்லப்பட்டது. ஏவலாம் என்று முடிவானது. மறுநாள் காலை, ஏறத்தாழ 2 டிகிரி குளிரில் கிளம்பிய சேலஞ்சர் 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

விசாரணை ஆணையம் வந்தது. அறிக்கை வந்தது. நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டது. ஆனாலும் 17 ஆண்டுகள் கழித்து அதே நாசாவில் அதே கதை நடந்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82-வது வினாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் பார்க்க விண்வெளியில் வைத்தே படமெடுக்க வேண்டும் என்று இன்ஜினீயர்கள் கேட்டார்கள். மேலிடத்தில் அது எடுபடவில்லை. அவர்களில் ஒருவர் இந்த முடிவு தவறு என்று காட்டமாக ஒரு மின்னஞ்சலை எழுதினார். அச்செடுத்துச் சக ஊழியருக்குக் காட்டினார். மேலே அனுப்பவில்லை. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் பூமிக்குத் திரும்பும் வழியில் இறந்தார்கள். அந்த நுரைத் துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நிறுவனத்தின் பண்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று விசாரணை வாரியம் எழுதியது.

அனுப்பப்படாத அந்த மின்னஞ்சலை நினைக்கும்போது வயிறு பிசைகிறது. எழுதியவர் திறமைசாலி; அக்கறையும் உள்ளவர். முன்பு கேட்டபோது கிடைத்த பதில் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது. நம் நாட்டில் எத்தனை அலுவலகங்களின் டிராஃப்ட் பெட்டியில் இப்படிப்பட்ட கடிதங்கள் கிடக்கின்றனவோ!

மீட்டிங்கில் மௌனம், டீக்கடையில் உண்மை

சென்னையின் ஓ.எம்.ஆர். ஆகட்டும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் ஆகட்டும், கோவையின் பவுண்டரிகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஆகட்டும், ஒரு காட்சி பொதுவானது. ரிவ்யூ மீட்டிங்கில் மேலாளர் தேதியைச் சொல்கிறார். ‘முடிஞ்சிரும்ல?’ என்கிறார். ‘முடிச்சிரலாம் சார்’ என்கிறார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான், ‘இது எப்படிய்யா முடியும்?’ என்ற பேச்சு தொடங்குகிறது. நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டிய உண்மையெல்லாம் நிர்வாகம் இல்லாத இடத்தில் பேசப்படுகிறது.

இதற்குக் காரணம் மரியாதைப் பண்பாடுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மூத்தவரை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் பேச்சை அடைப்பவை வேறும் உண்டு. அவை நிர்வாகம் நினைத்தால் மாற்றக்கூடியவை.

முதலாவது, வேலைப் பாதுகாப்பு. உற்பத்தி வரிசையில் நிற்பவர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், டிரெய்னிகள், அப்ரன்டிஸ்கள். குறையைச் சொன்னால் அடுத்த மாதம் ஒப்பந்தம் நீளுமா என்று தெரியாதவர், குறையைச் சொல்ல மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, மொழி. இயந்திரத்தின் சத்தம் மாறியதை முதலில் கவனிப்பவர் அதன் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் நிற்கும் ஆபரேட்டர். கூட்டமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. திரையில் ஆங்கில ஸ்லைடுகள். விஷயம் தெரிந்தவருக்குச் சொற்கள் தயங்குகின்றன. சொற்கள் சரளமாக வருகிறவருக்கு விஷயம் தெரிவதில்லை. தமிழில் பேசலாம் என்று மேலாளர் முதலில் தமிழில் தொடங்கினாலே பல கூட்டங்களில் புதிய குரல்கள் கேட்கும்.

மூன்றாவது, யார் சொல்கிறார் என்பதைப் பார்த்து எடைபோடும் பழக்கம். ஒரு பெண் ஊழியர் சொல்லும்போது கடந்துபோகிற யோசனையை, பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் சொன்னால் பாராட்டுகிறார்கள். சாதி, ஊர், படித்த கல்லூரி என்று வெளியே சொல்லாத தராசுகள் பல. இரண்டு முறை அப்படி அனுபவப்பட்டவர் மூன்றாம் முறை கை தூக்க மாட்டார்.

சிவப்பைக் காட்டியவருக்குக் கைதட்டு

இந்த மௌனத்தை உடைக்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி ஃபோர்டு நிறுவனம். மறைமலை நகரில் ஆலை நடத்தியதால் நமக்கும் பழக்கமான பெயர். 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முல்லாலி அதன் தலைவராக வந்தார். அந்த ஆண்டு ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். வாரந்தோறும் வியாழக்கிழமை காலையில் எல்லாத் துறைத் தலைவர்களையும் அவர் கூட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம்: சரியாகப் போனால் பச்சை, சிக்கல் தெரிந்தால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. முதல் சில வாரங்கள் எங்கு பார்த்தாலும் பச்சை. இத்தனை கோடி நஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்தில் எதிலுமே சிக்கல் இல்லையா என்று முல்லாலி கேட்டார். யாரும் பேசவில்லை.

ஒரு வாரம், மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான எட்ஜ் என்ற புதிய காரின் பின்கதவில் கோளாறு. அறிமுகத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். அறை உறைந்தது. அவருடைய கதை முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முல்லாலி கைதட்டினார். தெளிவாகச் சொன்னதற்குப் பாராட்டிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். தங்களுக்குத் தெரிந்த வழிகளை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின.

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை. நெருக்கடிக்கு முன்பே பெருங்கடன் வாங்கிக் கையில் பணம் வைத்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் கையிலிருக்கும் பணத்தைச் சரியாகச் செலவிட, எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமே! சிவப்பைக் காட்டிய ஃபீல்ட்ஸ், 2014-ல் முல்லாலிக்கு அடுத்து அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த அறையில் இருந்த எவரும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்களை நேரில் சந்தித்து, தோல்வியின் பொறுப்பைத் தானே ஏற்றார். தன் குழு மீது முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

இந்த நிகழ்வைக் கலாமே பலமுறை சொன்னார். அதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். முதல் முறை ஏவுவதற்கு முன் கணினி ‘நிறுத்து’ என்று எச்சரித்தது. நிபுணர்கள் ‘போகலாம்’ என்றார்கள். கணினியை மீறி ஏவும் முடிவை எடுத்தவர் தானே என்று குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு உயரத்துக்குப் போன ஒருவர் தன் தவறான முடிவை வாய்விட்டுச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் இளம் இன்ஜினீயருக்கும் தன் தவறை ஒப்புக்கொள்ளும் தைரியம் வருகிறது. தலைவர் தோல்வியைத் தாங்கிக்கொள்வார் என்று தெரிந்தால்தான் குழு உண்மையை மேசைக்குக் கொண்டுவரும்.

பிழையே இல்லாத அறிக்கை

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது; நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது விளக்கம் கிடைத்தது. அந்தக் குழுக்களின் செவிலியர்கள் பிழைகளை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் பிழைகள் நடந்தன, பதிவேட்டுக்கு வரவில்லை. இதைத் தொடர்ந்து 1999-ல் அவர் எழுதிய ஆய்வு, கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை குழுவில் இருப்பதே கற்றலுக்கு அடிப்படை என்று காட்டியது. பல ஆண்டுகள் கழித்துத் தன் குழுக்களை ஆராய்ந்த கூகுளும் அதே முடிவுக்கு வந்தது.

ஆகவே, ‘எங்கள் பிரிவில் ஒரு புகார்கூட இல்லை’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், தலைவர் மகிழ்வதற்கு முன் விசாரிக்க வேண்டும். புகார் இல்லையா, புகார் சொல்ல வழி இல்லையா?

இதே மருத்துவத் துறையில் மிக எளிமையான ஒரு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய வம்சாவளி மருத்துவர் அதுல் கவாண்டே. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதிலுள்ள அம்சங்களில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்ன செவிலியர், பின்பு ஆபத்தைக் கண்டால் பேசத் தயங்குவது குறைகிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன என்று 2009-ல் வெளியான ஆய்வு சொன்னது.

சொன்னவரைக் காப்பாற்றாத அமைப்பு

உண்மையைச் சொன்னால் ஆபத்து வரும் என்ற பயம் வெறும் கற்பனை கிடையாது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய இன்ஜினீயர் சத்யேந்திர துபே, முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் அவருடைய அடையாளத்தோடே துறைக்குத் துறை கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. ஊழலை அம்பலப்படுத்துபவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. இது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பாதுகாப்பை எப்படி அமைப்பது என்பதற்கு விமானத்துறை மறுபடியும் வழி காட்டுகிறது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் பிழைகளையும் கண்ட ஆபத்துகளையும் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு உண்டு. அந்த அறிக்கைகள் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்துத் துறைக்குப் போவதில்லை, நாசாவுக்குப் போகின்றன. எழுதியவரின் அடையாளத்தை அங்கே நீக்கிவிடுகிறார்கள். உள்நோக்கமில்லாத விதிமீறலை உரிய நாட்களுக்குள் தானே முன்வந்து சொல்பவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. லட்சக்கணக்கான அறிக்கைகள் அப்படிச் சேர்ந்திருக்கின்றன. நம் நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குறையைக் கேட்பவரும் அப்ரைசலில் மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

சொல்லும் முறை, கேட்கும் முறை

மரியாதை குறையாமல் அழுத்தமாகப் பேச முடியும். விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் ஐந்து படிகள் நம் ஊர் அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்தும்.

1. பெயரையோ பதவியையோ சொல்லி அழையுங்கள்: ‘சார், ஒரு நிமிஷம்.’
2. உங்கள் கவலையைச் சொல்லுங்கள்: ‘இந்தத் தேதி எனக்குக் கவலையா இருக்கு.’
3. பிரச்சினையைச் சொல்லுங்கள்: ‘டெஸ்டிங்குக்கு ரெண்டு நாள்தான் மிஞ்சுது; போன தடவை அஞ்சு நாள் ஆச்சு.’
4. வழியைச் சொல்லுங்கள்: ‘முக்கியமான பகுதியை மட்டும் முதல்ல கொடுத்திரலாம்.’
5. பதிலைக் கேட்டு வாங்குங்கள்: ‘நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?’

இதில் அவமதிப்பு எங்கும் இல்லை. மழுப்பலும் இல்லை. ‘நான் நேராப் பேசுற ஆளு’ என்று சொல்லிக்கொண்டு சக ஊழியரைக் கூட்டத்தில் குதறுகிறவர்களுக்கும் இது பாடம். அவர்கள் ஒரு முறை கத்திவிட்டுப் போனால், அடுத்த பல கூட்டங்களுக்கு மற்றவர்களின் வாய் அடைந்துவிடும். வேலையைப் பற்றிய உண்மையை எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாகச் சொல்லலாம்; ஆளைத் தாக்க வேண்டியதில்லை.

கேட்பவருக்கான விதிகள் இன்னும் முக்கியமானவை. கூட்டத்தில் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். முதலிலேயே தன் கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கேற்ப மாறிக்கொள்வார்கள். ‘ஏதாவது சந்தேகம் இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். ‘இந்தத் திட்டம் ஆறு மாதத்தில் தோற்றுப்போனால் எதனால் தோற்றிருக்கும்?’ என்று கேட்டால் பேசுவார்கள். அப்போது குறை சொல்வதே கொடுத்த வேலையாகிவிடுகிறது. வயதில் இளையவரிடம் முதலில் கேளுங்கள். கெட்ட செய்தி வந்ததும் ‘யார் செய்தது?’ என்று தொடங்காமல் ‘என்ன நடந்தது?’ என்று தொடங்குங்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

கேட்பது என்றால் ஒத்துக்கொள்வது என்று பொருளாகாது. முடிவெடுக்கும் பொறுப்பு தலைவருடையதுதான். எதிர்க்கருத்தைக் கேட்ட பிறகும் அவர் தன் வழியில் போகலாம். ஆனால் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதைச் சொன்னவரிடம் திரும்பிவந்து விளக்க வேண்டும். பதில் வராத ஆலோசனைப் பெட்டியில் இரண்டாவது சீட்டு விழுவதில்லை.

இதையெல்லாம் செய்யப் பெரிய பட்ஜெட் வேண்டாம். வெளியிலிருந்து ஆலோசகர்களும் வேண்டாம். நீங்கள் நான்கு பேரை வழிநடத்தும் டீம் லீடராகவோ, ஒரு ஷிஃப்டைக் கவனிக்கும் சூப்பர்வைசராகவோ, நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாகவோ இருக்கலாம். உங்களிடம் யாரோ ஒருவர் கூடிய சீக்கிரம் ஒரு கெட்ட செய்தியோடு வருவார். அதைக் கேட்ட முதல் நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது, முதல் வார்த்தை என்ன, அடுத்த அப்ரைசலில் அவருக்கு என்ன நடக்கிறது என்பதை மொத்த அலுவலகமும் கவனிக்கும். பேசுவதா, வேண்டாமா என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். உண்மையைச் சொல்ல வீரம் தேவைப்படும் இடமாக உங்கள் அலுவலகத்தை வைத்திருக்காதீர்கள். சாதாரண மனிதர், சாதாரண ஒரு நாளில், பயமில்லாமல் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் இடமாக அதை மாற்றுங்கள். அந்த மாற்றத்தைத் தொடங்கும் பொறுப்பு மேலே இருப்பவருடையது. கீழே இருப்பவர்கள் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டார்கள்.